ரீஸ்டாக்கிங் ஃபீயைத் திரும்ப வாங்க எந்த வழி தோது?

அமெரிக்காவில் பெட்டி பிரித்த கேமராவையோ ட்ரோனையோ கடையில் திருப்பிக் கொடுக்கும்போது, ரீஃபண்ட் ரசீதில் ஒரு பிடித்தம் வந்து உட்கார்ந்திருக்கும்: ரீஸ்டாக்கிங் ஃபீ, அதாவது திரும்பி வந்த பொருளை மறுபடி விற்பனைக்கு வைக்கக் கடை எடுக்கும் கட்டணம். 1,200 டாலர் கேமராவுக்கு 15 சதவீதம் என்றால் 180 டாலர். கவுன்ட்டரிலேயே பேசலாம், தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம், கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் (தொகையை மறுக்கும் புகார்) போடலாம், மாநில அரசிடம் புகார் செய்யலாம், சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். எதுவும் வேண்டாம் என்று கட்டிவிட்டும் போகலாம். இவற்றில் உங்களுக்கு ஏற்றது எது என்பது மூன்று கேள்விகளைப் பொறுத்தது. பொருளில் குறை இருந்ததா? பிடித்தம் உண்டு என்பது பணம் கட்டும் முன்பே உங்கள் கண்ணில் படும்படி இருந்ததா? எதில் பணம் கட்டினீர்கள்?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். எதை வாங்கினாலும் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்க மத்திய சட்டத்தில் உரிமை இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் கூலிங் ஆஃப் விதி (வாங்கியதை மூன்று நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை) வீட்டு வாசலுக்கு வந்தோ தற்காலிக இடத்தில் கடை போட்டோ விற்பவர்களுக்கானது. நீங்களே கடைக்குப் போய் வாங்கிய லேப்டாப்புக்கு அது பொருந்தாது. மனசு மாறியதற்காகப் பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்த மத்திய சட்டமும் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. எனவே நன்றாக ஓடும் பொருள், பிடித்தம் தெளிவாக அறிவிக்கப்பட்டிருந்தது, பிடிக்காததால் திருப்புகிறீர்கள் என்றால் உங்கள் கையில் சட்ட வலு கிடையாது. மேனேஜரின் நல்ல மனசு மட்டும்தான்.

குறையுள்ள பொருளுக்கு நிலைமை வேறு. லூசியானா தவிர மற்ற எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தின் 2-601 பிரிவுப்படி, ஒப்புக்கொண்டபடி இல்லாத சரக்கை வாங்கியவர் நிராகரிக்கலாம். 2-711 பிரிவுப்படி கட்டிய பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இதற்கு நியாயமான காலத்துக்குள் கடைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 'உள்ளபடியே விற்பனை' என்று எழுதி விற்ற சரக்குக்கு இந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. பெரிய கடைகளின் சொந்தக் கொள்கையிலும் குறையுள்ள பொருளுக்கு ரீஸ்டாக்கிங் ஃபீ கிடையாது என்றே பொதுவாக இருக்கும். பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? கவுன்ட்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கும் காரணம்தான் காரணம். 'வேண்டாம்', 'பெட்டி பிரித்தது' என்று தட்டினால் பிடித்தம் தானாக ஏறிவிடும். 'பழுது' என்று தட்டினால் ஏறாது. இந்தத் தகராறில் பாதி அந்த ஒரு தட்டலில் முடிவாகிவிடுகிறது.

மாநிலச் சட்டம் என்ன தருகிறது

பிடித்தத்தைக் கடை முன்கூட்டியே அறிவித்ததா என்பது பல மாநிலங்களில் சட்டக் கேள்வி. நியூயார்க்கில் ரீஃபண்ட் கொள்கையை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், பிடித்தம் உண்டென்றால் எவ்வளவு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒட்டாத கடை, வாங்கிய 30 நாளுக்குள் ரசீதோடு திரும்பி வரும் பொருளுக்கு முழுப் பணத்தையும் தர வேண்டும். நியூஜெர்சியில் அறிவிப்பு இல்லாவிட்டால் 20 நாள் வரை அதே உரிமை. கலிஃபோர்னியாவில், குறைந்தது ஏழு நாள் வரை முழு ரீஃபண்டோ அதே மதிப்புக்கு மாற்றோ தராத கடை, அந்தக் கட்டுப்பாட்டைப் பில் போடும் இடத்திலோ வாசலிலோ பொருளின் மேல் சீட்டிலோ ஆர்டர் படிவத்திலோ காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். சிவில் சட்டத் தொகுப்பின் 1723வது பிரிவு இது. டெக்சாஸ் போன்ற இடங்களில் இவ்வளவு தெளிவான பிடிமானம் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பயன்படுத்தாத, சேதமாகாத பொருளுக்கே முழுப் பலன் தருகின்றன. கலிஃபோர்னியாவில் அசல் பெட்டி இல்லாமல் வந்தால் விலக்கு என்றே எழுதியிருக்கிறது. ஆகவே பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல், கேபிள், மெமரி கார்டு உறை, கையேடு எதையும் ரிட்டர்ன் காலம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். மறுசுழற்சித் தொட்டிக்குப் போன அட்டைப் பெட்டி 180 டாலர் வாதத்தை அங்கேயே முடித்துவிடும்.

கடைகளுக்கிடையே உள்ள வித்தியாசமும் பெரியது. பெஸ்ட் பை 2010 டிசம்பரில் பெரும்பாலான பொருட்களுக்கு இந்தப் பிடித்தத்தை நிறுத்தியது. இப்போது செல்போன் போல ஆக்டிவேட் செய்யும் சாதனங்களுக்கு 45 டாலர், ட்ரோன், உயர்ரகக் கேமரா, லென்ஸ், புரொஜெக்டர் முதலியவற்றுக்கு 15 சதவீதம் என்று வைத்திருக்கிறது. அலபாமா, கொலராடோ, ஹவாய், ஒஹாயோ, சவுத் கரோலினா உள்ளிட்ட சில மாநிலங்களில் அதையும் வாங்குவதில்லை. காஸ்ட்கோ டிவி, கம்ப்யூட்டர், கேமரா போன்றவற்றுக்கு 90 நாள் தருகிறது. கொள்கைகள் மாறும் என்பதால், நீங்கள் வாங்கிய அன்று ரசீதின் பின்புறம் அச்சாகியிருப்பதுதான் உங்களுக்குச் செல்லும்.

கவுன்ட்டர்: செலவில்லாத வழி, ஆனால் தயாராகப் போக வேண்டும்

ஐந்து வழிகளில் முதலில் முயல வேண்டியது இதுதான். பின்னால் போகும் எந்த வழியிலும் 'கடையிடம் நேர்மையாகப் பேசிப் பார்த்தீர்களா' என்ற கேள்வி வரும் என்பதும் ஒரு காரணம்.

போகும் முன் குறையை 20 நொடி வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் கோடு, சார்ஜ் ஏறாமை, ஃபோகஸ் பிடிக்காமை எதுவாக இருந்தாலும் சீரியல் நம்பரும் அதே வீடியோவில் தெரிய வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது குறை வராமல் போவது அடிக்கடி நடப்பது. சூடான பிறகே வரும் கோளாறு ஐந்து நிமிட சோதனையில் தலைகாட்டாது. வீடியோ இல்லையென்றால் 'நன்றாகத்தான் ஓடுகிறது' என்று எழுதிவிடுவார்கள்.

கவுன்ட்டரில் முதல் வாக்கியம் 'ரிட்டர்ன் செய்ய வந்தேன்' என்று இருக்க வேண்டாம். 'இந்தப் பொருள் பழுது, பழுது என்ற காரணத்தில் பதிவு செய்யுங்கள்' என்று தொடங்குங்கள். திரையில் என்ன காரணம் ஏறியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிடித்தம் ஏறிவிட்டால், அந்தப் பிடித்தம் எந்த இடத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் போட்டோ எடுங்கள். காட்ட முடியாமல் போனால் பில் போடும் இடத்தையும் வாசலையும் போட்டோ எடுங்கள். நாளைக்கு அங்கே புதிதாக ஒரு பலகை முளைக்கலாம்.

பொய்யாகப் பழுது என்று சொல்லாதீர்கள். பொருளைச் சோதிப்பார்கள், சீரியல் நம்பரை ஒப்பிடுவார்கள். பல சங்கிலிக் கடைகள் யார் எவ்வளவு ரிட்டர்ன் செய்கிறார்கள் என்று கணக்கு வைக்க வெளி நிறுவனங்களை அமர்த்தியிருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஏறினால் அடுத்த முறை உண்மையான பழுதுக்கே ரிட்டர்ன் மறுக்கப்படும்.

கணக்கையும் பாருங்கள். நியூஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரியோடு 1,200 டாலர் கேமரா 1,279.50 ஆகிறது. 15 சதவீதம் பொருளின் விலைக்கு என்றால் 180. வரியும் சேர்ந்த தொகைக்குப் போட்டால் 191.93. கொள்கை 'பொருளின் விலையில்' என்று சொல்லியிருந்தால் அந்த 11.93 டாலரைக் கேட்டாலே திருத்திவிடுவார்கள். கேமராவோடு சேர்த்து வாங்கிய பை, பேட்டரிக்கும் பிடித்திருக்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள்.

மேனேஜர் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய மறுத்தால் இரண்டு மாற்றுகள் கேட்கலாம். அதே மாடலில் வேறொன்றோ, விலை உயர்ந்த வேறு மாடலோ எடுத்துக்கொண்டால் பிடித்தம் வேண்டாம் என்பது முதல் மாற்று. பல கடைகளில் எக்ஸ்சேஞ்சுக்குப் பிடித்தமே இல்லை. ஸ்டோர் கிரெடிட்டாக முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வது இரண்டாவது. அந்தக் கடையில் ஆறு மாதத்துக்குள் அந்தப் பணத்துக்கு வேறெதாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இது நல்ல பேரம். இல்லையென்றால் 1,200 டாலரை ஒரே கடையில் கட்டிப்போடுகிறீர்கள், அதற்கு 180 டாலர் இழப்பே மேல் என்று சிலருக்குத் தோன்றலாம்.

திருப்பாமல் ஆன்லைனில் மற்றவருக்கு விற்றுவிடலாமே என்ற யோசனை வரும். பெட்டி பிரித்த பொருள் புதிய விலைக்குப் போகாது, விற்பனைத் தளம் தன் பங்கை எடுக்கும், அனுப்பும் செலவு உண்டு, கட்டிய விற்பனை வரியும் திரும்பாது. 15 சதவீதப் பிடித்தத்தைவிட இழப்பு அதிகமாவதே வழக்கம். பிடித்தம் 25, 30 சதவீதத்தைத் தாண்டினால்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

எந்த முடிவானாலும், பிடித்தத்தோடு ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், காரில் உட்கார்ந்தபடியே கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குறைந்த ரீஃபண்டை வாங்கிக்கொண்டேன், பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, காரணம் இது, ரசீது எண் இது, 180 டாலரை 14 நாளில் கார்டுக்குத் திருப்புங்கள் என்று நாலு வரி போதும். இதுதான் இரண்டாவது வழியான தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதும். தனியாகப் பெரிதாக எதுவும் இல்லை. சாட்டில் பேசினால் முடிவில் உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள், போனில் பேசினால் புகார் எண் கேளுங்கள்.

கார்டு டிஸ்ப்யூட்: வலுவானது, தவறாகப் போட்டால் வீண்

கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு 1974ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம் துணை இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி தரப்படாத பொருளுக்கான தொகை, வர வேண்டிய கிரெடிட் வராதது ஆகியவை பில்லிங் பிழையாகக் கருதப்படும். பிழை இருக்கும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். எந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும். வாங்கிய தொகை ஏறிய ஸ்டேட்மென்ட்டிலிருந்து எண்ணிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. வங்கி 30 நாளில் கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டு பில்லிங் சுற்றுக்குள், அதிகபட்சம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கவோ பாக்கி என்று கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்லவோ கூடாது.

ஆப்பில் உள்ள டிஸ்ப்யூட் பொத்தான் வசதியானதுதான். ஆனால் சட்டப் பாதுகாப்பு எழுத்து வடிவக் கடிதத்துக்கே உறுதியாகக் கிடைக்கும், அதுவும் ஸ்டேட்மென்ட்டில் பில்லிங் விசாரணைக்கென்று தந்திருக்கும் முகவரிக்கு. பணம் கட்டும் முகவரி வேறு, அங்கே அனுப்பினால் கணக்கில் வராது. ஆப்பில் போட்டுவிட்டு, அதே விஷயத்தைச் சர்டிஃபைட் மெயிலிலும் அனுப்புங்கள்.

மிக அதிகமாக நடக்கும் தவறு, முழுத் தொகையையும் டிஸ்ப்யூட் செய்வது. 1,279.50 டாலருக்கு மறுப்புப் போட்டால், கடை 1,099.50 டாலர் ஏற்கெனவே திருப்பிவிட்ட ரசீதை வங்கிக்குக் காட்டும். கிரெடிட் கொடுக்கப்பட்டுவிட்டது என்று வங்கி கோப்பை மூடிவிடும். 180 டாலரை மட்டும் எழுதுங்கள். அடுத்த தவறு, பட்டியலில் 'இந்தச் செலவு நான் செய்யவில்லை' என்பதைத் தேர்ந்தெடுப்பது. அது திருட்டுப் புகார். கார்டு ரத்தாகும், உண்மையல்லாத புகார் செய்தவராக நீங்கள் நிற்பீர்கள். பழுதான பொருள் என்றால் 'விவரித்தபடி இல்லை அல்லது பழுது' என்பதையும், அறிவிக்காத பிடித்தம் என்றால் 'பொருளைத் திருப்பினேன், முழு கிரெடிட் வரவில்லை' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இணைக்க வேண்டியவை: வாங்கிய ரசீது, ரிட்டர்ன் ரசீது, குறையின் வீடியோவிலிருந்து ஓரிரு படங்கள், அறிவிப்பு இல்லாத கவுன்ட்டரின் போட்டோ, அன்றே அனுப்பிய மின்னஞ்சல். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் உறுதி மின்னஞ்சலும் பணம் கட்டும் பக்கத்தின் படமும். பணம் கட்டும் முன் உள்ள பக்கங்களில் பிடித்தம் சொல்லப்படாமல், தளத்தின் அடியில் எங்கோ ஒரு இணைப்புக்குள் புதைந்திருந்தால் உங்கள் கை ஓங்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் ரிட்டர்ன் கட்டுப்பாட்டை வாங்கும் நேரத்திலேயே தெரிவிக்கும் பொறுப்பு கடையினுடையது. அந்த விதிகளின்படி இத்தகைய தகராறுகளுக்குப் பெரும்பாலும் 120 நாள் அவகாசம் உண்டு.

கடை ஜெயிப்பது எப்போது? பிடித்தம் அச்சான, நீங்கள் கையெழுத்திட்ட ரசீதை அது காட்டும்போது. அதனால்தான் அன்றே எழுதும் மின்னஞ்சலுக்கு இவ்வளவு மதிப்பு. இன்னொன்றும் உண்டு: அதே சட்டத்தில் கடைக்கெதிரான வாதங்களை வங்கிக்கெதிராகவும் வைக்கும் தனி உரிமை இருக்கிறது. பொருள் 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், அதே மாநிலத்துக்குள்ளோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பொருளின் பாக்கி கட்டப்படாமல் இருக்கும் அளவுக்கே அது செல்லும். பில்லை முழுதாகக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். பில்லிங் பிழைக்கான 60 நாள் வழிக்கு இந்தத் தடை இல்லை.

டெபிட் கார்டில் கட்டியவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சரக்கின் தரம் பற்றிய சண்டையில் அவர்களுக்கு இருப்பது கார்டு நெட்வொர்க்கின் விதிகள் மட்டுமே. ரொக்கமாகவோ, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாகவோ கட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸை கிரெடிட் கார்டில் வாங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பெரிய ஆன்லைன் கடையில் நீங்கள் நிரந்தர வாடிக்கையாளர் என்றால் ஒரு எச்சரிக்கை: டிஸ்ப்யூட் போட்டவரின் கணக்கைக் கடை முடக்கக்கூடும். கணக்கில் கிஃப்ட் கார்டு இருப்போ வாங்கிய டிஜிட்டல் புத்தகங்களோ இருந்தால், 45 டாலருக்காக அதைப் பணயம் வைக்கலாமா என்று யோசியுங்கள்.

மாநிலப் புகாரும் நீதிமன்றமும்

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமோ, நியூஜெர்சியில் நுகர்வோர் விவகாரப் பிரிவோ, புகாரை இலவசமாக வாங்கிக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்கும். தீர்ப்புச் சொல்லாது, கட்டாயப்படுத்தாது. அறிவிப்புப் பலகை இல்லாத உள்ளூர்க் கடைக்கு இது நன்றாக வேலை செய்யும், அங்கே மீறப்பட்டிருப்பது மாநிலச் சட்டம் என்பதால். எஃப்.டி.சி. தனிப்பட்ட புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. வங்கி டிஸ்ப்யூட்டைச் சரியாக விசாரிக்காமல் மூடினால் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி.யிடம் போகலாம், அது வங்கிக்கெதிரான புகாராக இருக்க வேண்டும்.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குக் கலிஃபோர்னியாவில் 1,500 டாலர் வரையான கோரிக்கைக்கு 30 டாலர் கட்டணம், விசாரணையில் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. நியூயார்க் நகரில் 1,000 டாலர் வரை 15 டாலர்தான். ஜெயித்தால் கட்டணத்தையும் கேட்கலாம். 180 டாலருக்குப் போகலாமா? ஒருநாள் லீவு போட வேண்டியிருந்தால் கணக்கு உதைக்கும். 2,500 டாலர் லேப்டாப்பில் 375 பிடித்து, பழுதுக்கு ஆதாரமும் இருந்தால் போகலாம். வழக்குப் போட்டு சம்மன் போன பிறகு, விசாரணைக்கு முன்பே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு.

வழக்கு இடறுவது பெரும்பாலும் பெயரில்தான். பலகையில் உள்ள பெயரில் வழக்குப் போடக் கூடாது. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பதிவுப் பெயரையும், சம்மன் வாங்கிக்கொள்ள அது நியமித்திருக்கும் ஏஜென்ட்டின் முகவரியையும் எடுத்து அதற்கே அனுப்ப வேண்டும். ஆன்லைன் கடைகளின் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு நிபந்தனை இருந்தாலும், சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் விலக்குத் தந்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். மாசச்சூசெட்ஸில் இருப்பவர்கள் வழக்குக்கு முன், மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான 93ஏ-இன்படி கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். 30 நாளில் கடை நியாயமாக எதுவும் தர முன்வராமல் பின்னால் தோற்றால், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழப்பீடு வரை போகலாம் என்பதால் அந்தக் கடிதத்தை யாரும் லேசில் ஒதுக்குவதில்லை.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் கோர்ட் என்றதும் தயங்குவதைப் பார்க்கிறோம். சிறு வழக்குப் போட குடியுரிமை தேவையில்லை. நீங்கள் வாதியாகப் போடும் சிவில் வழக்கு இது, குற்ற வழக்கு அல்ல.

ஊருக்குக் கொண்டுபோக வாங்குபவர்கள்

தேங்ஸ்கிவிங் தள்ளுபடியில் வாங்கி, டிசம்பரில் சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுபோய் அங்கே பெட்டியைப் பிரிப்பது நம்மிடம் வழக்கம். மேலே சொன்ன எந்த வழியும் அங்கிருந்து ஓடாது. கவுன்ட்டருக்குப் போக முடியாது, திருப்பி அனுப்பும் கூரியர் செலவே பிடித்தத்தைத் தாண்டும், 60 நாள் கெடு பயணத்திலேயே கரையும். பண்டிகைக் கால வாங்குதலுக்குப் பல கடைகள் ஜனவரி நடுப்பகுதி வரை ரிட்டர்ன் காலத்தை நீட்டுகின்றன, ஆனால் ஆக்டிவேட் செய்யும் போன்களுக்கு அந்த நீட்டிப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே பிரித்து, ஒரு முழு சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். சார்ஜர் மேல் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் ஊரில் 230 வோல்ட்டில் செருகியதும் எரிந்துபோகும், அதைக் கடை பழுதென்று ஒப்புக்கொள்ளாது. போன் என்றால் அன்லாக் செய்யப்பட்டதா, ஊர் சிம் போடும் இடம் இருக்கிறதா என்பதை சீல் பிரிக்கும் முன்பே பெட்டியின் மேல் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 14 மாடலிலிருந்து சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டுமே. அம்மா அப்பாவின் பழைய சிம் கார்டை அதில் போட முடியாது என்பது பிரித்த பிறகு தெரிந்தால், அது மனசு மாறிய ரிட்டர்ன் கணக்கில்தான் சேரும், பிடித்தமும் அதற்கேற்ப விழும்.